உருப்படாதவன் பட்டம்

இப்போதெல்லாம் பள்ளிக்கூடங்களில் தன்னம்பிக்கைப் பிரசங்கம் என்று ஒன்று நடக்கிறது. ஒருவர் வந்து இறங்குகிறார். சால்வை போர்த்துகிறார்கள். "உன்னால் முடியும், உன்னால் முடியும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு மணி நேரம் முழங்குகிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அவர் தலை மறைந்ததும், கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த பையனை வாத்தியார் கூப்பிட்டு, "நீயெல்லாம் எங்கேடா உருப்படப் போகிறாய்?" என்கிறார். அடுத்த வாரம் இன்னொரு பிரசங்கி வருகிறார்.

என்னையும் இந்தக் காரியத்துக்கு அழைப்பதுண்டு. மறுத்துவிடுகிறேன். 'என்னால் ஆகாது' என்ற எண்ணத்தைப் பதினைந்து வயதுப் பையன் தாய் வயிற்றிலிருந்து கொண்டுவரவில்லை. நாம் கொடுத்து அவன் வாங்கிக்கொண்டது அது. கொடுத்தவர்களை விட்டுவிட்டு வாங்கிக்கொண்டவனுக்கு உபதேசம் செய்வது என்ன நியாயம்?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வீடுகளில் சர்வ சாதாரணமாக அடிபடும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் சிப்காட்டுக்குத்தான் போவாய்." இதைச் சொல்லுகிற தகப்பன் யார்? அதே சிப்காட்டில் இரும்பு ஆலையின் அனலில் நின்று, அந்தச் சம்பளத்தில் மகனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவன். தன் உழைப்பையும் மகனையும் ஒரே மூச்சில் கேவலப்படுத்திவிட்டு, புத்தி சொன்னதாக நினைத்துக்கொள்ளுகிறான். பையனுக்குக் கணக்கில் இரண்டு தடவை மார்க் குறைந்ததோ, போயிற்று. 'நான் சிப்காட் கேஸ்' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிடுகிறான். அப்புறம் புத்தகத்தைத் தொடுவதில்லை. நாம் சோம்பேறி என்கிறோம். அவன் போடுகிற கணக்கு வேறு. படித்துத் தோற்றால் மக்கு என்பது நிச்சயமாகிவிடும். படிக்காமலே தோற்றால், படித்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளவாவது இடம் இருக்கிறது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

இது நாவலாசிரியனின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களைக் கொண்டு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண்மணிகள் செய்த ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்தது. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள். காகிதத்தில் போட்ட சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் காசு. ஜாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது, மேல்ஜாதிப் பையனும் தாழ்த்தப்பட்ட பையனும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்தார்கள். தகப்பன் பேர், பாட்டன் பேர், ஜாதி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு, தாழ்த்தப்பட்ட பையன்களின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. அதே மூளை, அதே காகிதம், அதே காசு! இதே மாதிரி அமெரிக்காவில் 1995-ல் சொல்லப்பட்ட முடிவுகள் பிற்பாடு சில ஆராய்ச்சியாளர்களின் கைக்குச் சிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் ஊரில் வருகைப் பதிவைக் கூப்பிடுகிற தொனியைக் கேட்டிருப்பவர்களுக்கு, அந்த உத்தரப் பிரதேசச் சமாசாரம் நம்ப முடியாததாக இராது.

சென்னைக்கும் திருவள்ளூருக்கும், சென்னைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஓடுகிற மின்சார ரயில்களில் 'ரூட்டுத் தல' என்று ஒரு பதவி இருக்கிறது. மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளுக்குள் மார்க்கத்துக்கு ஒரு தலைவன். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் நடந்த அடிதடியில் திருத்தணிப் பக்கத்துப் பையன் ஒருவனின் உயிரே போயிற்று. கையில் கத்தி எடுத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக வருகிற பையன், பாடம் பாதி புரியாத வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறான். அங்கே அவன் யாரும் இல்லை. ரயிலில் ஏறிக் கூரையைத் தட்டிப் பாடினால், வேட்டி சட்டைக்காரர்கள் பெட்டி மாறி உட்காருகிறார்கள். ரௌடி என்று முணுமுணுக்கிறார்கள். ஒன்றும் இல்லாதவனாக இருப்பதைவிட ரௌடியாக இருப்பது மேல் அல்லவா? பட்டம் சும்மா கிடைக்கிறது. அதற்குத் தகுந்த காரியத்தை அவன் செய்து காட்டுகிறான்.

சுடுசொல் சொன்னால்தான் உறைக்கும் என்று வாதிக்கிற பெரியவர்கள் ராமானுஜத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப். ஏ. பரீட்சையில் தோற்றவர் உலக மேதை ஆகவில்லையா என்பார்கள். ஆனார். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி அதே தண்டவாளத்தில் போனால் வருகிற நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் என்பவர், இந்தத் தோற்ற பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். வசவு வளர்த்த மேதை அல்ல அவர்.

இன்னொன்று. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தியக் குடியுரிமை இல்லாமல் வளருகிற பிள்ளை, "படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டால், அதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லிப் பிரசங்கியை அனுப்பாதீர்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் கேட்பது சட்டத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு டில்லிதான் பதில் சொல்ல வேண்டும்.

பொதுத் தேர்வில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று பெயர் அறிவிப்பதை 2017-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் மேல் தட்டுப் பட்டியல் போன பின்னும் கீழ்த் தட்டுப் பட்டியல் போகவில்லை. மக்கு என்பதற்கு நாகரிகமாக 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் நேரம் பாடம் சொல்லித் தருவது அவசியம்; அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெயர்களைக் காலை வணக்கக் கூட்டத்தில், பெண் பிள்ளைகளும் சின்ன வகுப்புக் குழந்தைகளும் கேட்க, ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டுமா? பட்டியல் வாத்தியாரின் மேஜை இழுப்பறையில் இருந்தால் பாடம் நடக்காதா? அடுத்த தடவை என்னைப் பேச அழைக்கிற தலைமையாசிரியரிடம் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.