புயல் நாளில் வானத்தில் இருந்து வெள்ளத்தைப் படம் எடுக்க முடியாதா? சிக்கல் எங்கே இருக்கு?

2025 ஜனவரியில் திருவிடந்தையில் நடந்த பலூன் திருவிழா ஞாபகம் இருக்கா? அதற்கு ஆறு வாரம் முன்பு, 2024 நவம்பர் 30 அன்று, இதே கடற்கரை ஃபெஞ்சல் புயலுக்காகக் காத்திருந்தது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட புயல், கடைசியில் புதுச்சேரி அருகே கடந்தது.

எந்த ஊர் மூழ்கியது என்று அவசரமாகத் தெரிய வேண்டிய அன்றைக்குத்தான் வானத்துக் கேமராவுக்குக் கண் தெரியாது. காற்று வேகமாக அடித்தால் பலூனும் டிரோனும் கிளம்பாது. டிவியில் நாம் காட்டும் சுழலும் மேகப்படம் இன்சாட் அனுப்புவது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து அது புயலைப் பார்க்கும், அடியில் இருக்கும் ஊரைப் பார்க்காது.

வெயில் நாளிலும் இந்தக் கடற்கரை லேசில் பிடிகொடுக்காது. கடல் காற்றில் இருக்கும் உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். அதில் பட்டு வெளிச்சம் சிதறுவதால், உயரத்தில் இருந்து எடுத்த படத்தில் பால் ஊற்றியது போல ஒரு மங்கல் விழும். மழை கழுவிவிட்ட மறுநாள் காலை எடுத்தால் பளிச்!

அப்போ மேகத்தைத் தாண்ட என்ன வழி?

ரேடார். 2022 பிப்ரவரியில் இஸ்ரோ அனுப்பிய இஓஎஸ்-04, 2025 ஜூலையில் நாசாவுடன் சேர்ந்து அனுப்பிய நிசார் இரண்டுமே இந்த வகைதான். இவை சூரிய வெளிச்சத்தை நம்புவதில்லை, தாங்களே நுண்ணலையை அனுப்பித் திரும்புவதைப் பதிவு செய்யும். சில சென்டிமீட்டர் நீள அலைக்கு மேகத்தின் நுண்துளி ஒரு தடையே இல்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும்.

ஆனால், செயற்கைக்கோள் நம் அவசரத்துக்கு வராது. நிசார் ஒரே பாதையில் திரும்பி வர 12 நாள். வெவ்வேறு பாதைகளில் இடையிடையே பார்த்தாலும், அதற்குள் தண்ணீர் வடிந்துவிடலாம்.

வயல்வெளியில் நன்றாக வேலை செய்யும் ரேடார் நகரத்தில் தடுமாறும். சுவரிலும் தண்ணீரிலும் மாறிமாறி மோதி அலை திரும்புவதால், கறுப்பாக இருக்க வேண்டிய தெரு வெள்ளையாகக்கூட தெரியலாம். முடிச்சூர் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் முட்டளவு தண்ணீர் நிற்கிறது என்றால், அங்கே இருப்பவர் போன் பண்ணிச் சொல்வதுதான் இன்றைக்கும் முதல் தகவல்.