கெடுக்கக் காசா?

"நல்லா வர்ற சத்தத்தைக் கெடுக்கவாடா காசு குடுத்து டப்பா வாங்கின?" வீடியோ காலில் அப்பா. நியாயமான கேள்விதான்.

இந்தக் கரகரப்புக்காக 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ் ஸ்பீக்கர் கூம்பையே பிளேடால் கீறினார். வால்வு ஆம்ப்பில் சத்தத்தை நல்லா ஏத்தினால்தான் அது வரும். எங்கள் அபார்ட்மென்ட்டில் முடியுமா? பக்கத்து ரூமில் பாப்பா தூங்குகிறாள்.

பெடலுக்குள் இருக்கும் டயோடுகள் அலையின் உச்சியை வெட்டுகின்றன. 1979-ல் வந்த டியூப் ஸ்க்ரீமர் மெதுவாக மழுக்கும், அது ஓவர்டிரைவ். பாஸ் டிஎஸ்-1 சட்டென்று நறுக்கும், அது டிஸ்டார்ஷன். வால்யூம் குறைவாக இருந்தாலும் கரகரப்பு கிடைக்கும்.

சொல்லி முடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, பாப்பா முழிச்சுக்காம வாசி. கேக்கறேன்."

கிடார் பிடித்துப் பதினைந்து வருஷம். அவர் வாசிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.