முன்விண்ணப்பமும் கொடுத்த வாக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கலாசாலைக் கல்வியை நாடும் மாணாக்கர் ஒரே ஆண்டிற் பல கலாசாலைகளுக்கு விண்ணப்பம் அனுப்புவது பெருவழக்கு. ஆயின், முன்விண்ணப்பம் என்றொரு முறையும் ஆண்டு உளது. ஏனையோர் ஜனவரித் தொடக்கத்தில் அனுப்பும் விண்ணப்பத்தை நவம்பர்த் தொடக்கத்திலேயே அனுப்பி, டிசம்பர் நடுவில் முடிவை அறிந்துகொள்வதே அது. இந்நலத்திற்கு ஈடாகச் சில கலாசாலைகள் மாணாக்கர்மீது கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. அவற்றைச் செவ்வனே உணராது கையொப்பமிடுவோர் பின்னர் இடர்ப்படுவர். ஆதலின், அவற்றின் இயல்பையும் அவை குறித்து எமக்குள்ள கருத்தையும் ஈண்டு எடுத்துரைப்பாம்.

முன்விண்ணப்பம் மூவகைப்படும். முதலாவது ‘எர்லி டிசிஷன்’ எனப்படும் கட்டுறு முறை. இம்முறையில் ஒரு கலாசாலைக்கே விண்ணப்பிக்கலாம். அஃது ஏற்றுக்கொள்ளின், ஏனைய விண்ணப்பங்களை மீட்டுக்கொண்டு ஆண்டே சேர்தல் வேண்டும். மாணாக்கரும், பெற்றோரும், பள்ளியின் ஆலோசகரும் இதற்குக் கையொப்பமிடுவர். இரண்டாவது ‘எர்லி ஆக்‌ஷன்’ என்னும் கட்டிலா முறை. இதில் இடம் பெற்றோர் மே மாதம் 1-ஆம் தேதிவரை ஆராய்ந்து விடையளிக்கலாம். மூன்றாவது ‘ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன்’. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், ஸ்டான்போர்டு ஆகிய சர்வகலாசாலைகள் இதனைக் கைக்கொண்டுள்ளன. இடம் கிடைப்பினும் சேரவேண்டுமென்னும் கட்டாயமில்லை; மே 1 வரை அவகாசமுண்டு. ஆயின், அப்பருவத்தில் அந்நாட்டு வேறு தனியார் கலாசாலைக்கு முன்விண்ணப்பம் அனுப்புதல் ஆகாது. அரசாங்கச் சர்வகலாசாலைகளுக்கும் பிறநாட்டுச் சர்வகலாசாலைகளுக்கும் கட்டிலா முறையில் அனுப்பலாம். ஜனவரித் தவணைக்குரிய பொது விண்ணப்பங்களுக்கோ தடையேயில்லை. சுருங்கச் சொல்லின், கட்டுறு முறை சேருமிடத்தைக் கட்டுகின்றது. இம்முறை முன்கூட்டிக் கேட்குமிடத்தை மட்டுமே கட்டுகின்றது.

இவற்றின் பெயரை மட்டும் நோக்கி விதியைத் துணிதல் பிழை. நோட்டர் டேம் சர்வகலாசாலையின் முறைக்கும் ‘ரெஸ்ட்ரிக்டிவ்’ என்றே பெயர். எனினும், பிற தனியார் கலாசாலைகளுக்குக் கட்டிலா முறையில் விண்ணப்பிப்பதை அது தடுப்பதில்லை. கட்டுறு முறையை மட்டுமே விலக்குகின்றது. ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையோ தன் முறையை வெறும் ‘எர்லி ஆக்‌ஷன்’ என்றே வழங்கினும், அதனோடு வேறிடத்துக் கட்டுறு விண்ணப்பம் செய்தலை விலக்குகின்றது. கட்டுறு முறையின் இரண்டாந் தவணையைப் பொறுத்தவரை, அதன் முடிவு ஜனவரி 1-க்குப் பின்னர் வருமாயின் யேல் அதனை அனுமதிக்கின்றது. ஆதலின் ஒவ்வொரு கலாசாலையும் அவ்வவ்வாண்டு வெளியிடும் விதியை நேரே வாசித்தறிதலே தக்கது.

இனி எமது கருத்தைக் கூறுவாம். கட்டுறு முறை செல்வர்க்கு ஏற்றம் தருவதென்பதே எமது துணிபு. புகழ்பெற்ற கலாசாலைகளின் ஆவணங்களை ஆராய்ந்து ஏவரி, ஃபேர்பேங்ஸ், செக்ஹவுசர் என்னும் மூவர் 2003-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒத்த தகுதியுடையாருள் முன்விண்ணப்பம் செய்தவர்க்கு, எஸ்.ஏ.டி. பரீட்சையில் ஏறத்தாழ 100 மதிப்பெண் மிகுதியாகப் பெற்றமைக்கு ஒப்பான அனுகூலம் உண்டென்பது அவர் கண்ட முடிவு. இவ்வனுகூலத்தை அச்சமின்றித் துய்ப்பார் யாவர்? சம்பளத்தைப் பற்றிக் கவலாதவரே. உபகாரச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்தினர் பல கலாசாலைகள் அளிக்கும் உதவித்தொகைகளை ஒருங்கு வைத்து ஒப்பிட்டன்றோ முடிவு செய்ய வேண்டும்? கட்டுறு முறையில் அதற்கு வழியில்லை. உதவி போதாதாயின் விடுதலை பெறலாம் என்பது மெய்யே. ஆயினும், வேறிடத்தில் மிகுதியாகக் கிடைத்திருக்குமோ என்பதை அவர் அறியுமாறில்லை.

இக்குறையைக் கலாசாலைத் தலைவர்களே உணர்ந்தனர். யேல் சர்வகலாசாலைத் தலைவராயிருந்த ரிச்சர்ட் லெவின் 2001-இல் கட்டுறு முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டே யேலும் ஸ்டான்போர்டும் அதனைக் கைவிட்டு, இன்றுள்ள முறைக்கு மாறுவதாக அறிவித்தன. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் முன்விண்ணப்பத்தையே அறவே நீக்கத் துணிந்தன. பெரும்பாலான கலாசாலைகள் அவற்றைப் பின்பற்றாமையின், 2011-இல் கட்டுப்பாட்டோடு கூடிய கட்டிலா முறையை அவ்விரண்டும் மேற்கொண்டன. இது குற்றமற்றதென்று யாம் சொல்லோம். செவ்விய ஆலோசகரைப் பெறாத சிற்றூர்ப் பள்ளி மாணாக்கர் நவம்பருக்குள் ஆயத்தமாதல் அரிது. எனினும், ஏழை மாணாக்கர் மே மாதம்வரை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை இது பறிப்பதில்லை. ஆதலின் இரண்டனுள் இதுவே ஏற்கத்தக்கது.

கட்டுறு முறையால் கலாசாலைக்கும் மாணாக்கர்க்கும் மனவமைதி உண்டாகின்றதென்பர் சிலர். ஓரிடத்தையே உளமார விரும்பி, அதன் செலவையும் ஏற்கவல்லார்க்கு அது பொருந்தும், எல்லார்க்கும் பொருந்துமாறில்லை. இரண்டிடத்துக்கு மறைவாக அனுப்பினால் யார் அறிவார் என்று வினவுவாரும் உளர். மீறுதல் வெளிப்படின் பெற்ற இடத்தை இழக்கவும் நேரும். அதனினும் பெரிது, உடன் கையொப்பமிட்ட பள்ளியின் சொல்லும் மதிப்பிழக்கும். அதன் தீமை பின்வரும் இளையோரைச் சாரும்.

ஆதலின் முன்விண்ணப்பம் செய்யக் கருதும் மாணாக்கர், ‘ஏற்றுக்கொண்டால் யான் கட்டுப்படுவேனோ? இதனோடு எங்கெங்கு விண்ணப்பிக்கலாகாது? உதவித்தொகையை ஒப்பிட அவகாசமுண்டோ?’ என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தெளிந்த பின்னரே கையொப்பமிடுவாராக. விடை ஐயமாயின் அக்கலாசாலையின் சேர்க்கை அலுவலகத்தாரைக் கேட்டுத் தெளிக. கேட்டறிதலில் நாணமொன்றுமில்லை, கொடுத்த வாக்கைக் காவாது விடுதலே நாணத்தக்கது.