நிலத்தை விற்று எம்.பி.ஏ. வேண்டாம்

பொங்கல் கழிந்து சம்பா நெல் களத்துக்கு வரும் நாட்களையொட்டித்தான் எம்.பி.ஏ. படிப்புக்கான 'டான்செட்' நுழைவுத் தேர்வு அறிவிப்பும் வழக்கமாக வெளிவருகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி, திருமழிசைப் பக்கங்களில் தொடர்பு உண்டு. நெல் விற்ற பணம் வீட்டில் இருக்கும் அந்த ஒன்றரை மாதத்தில்தான், "பிள்ளைக்கு எம்.பி.ஏ. இடம் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று தரகர்கள் வாசலுக்கு வருகிறார்கள். நவரைப் பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்க வைத்திருந்த தொகை கல்லூரிக்குப் போகிறது. மீதிக் கட்டணத்துக்காக ஏரிக்கரை ஓரத்து அரை ஏக்கருக்கு விலை பேசப்படுகிறது.

இந்தப் பகுதியில் நிலத்தை விற்பது மிக எளிது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. செய்யாற்றங்கரையிலோ மதுராந்தகத்திலோ ஒருவர் அரை ஏக்கர் விற்க நினைத்தால் ஆள் தேடி அலைய வேண்டும். இங்கே நெல் மகசூலைப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. மனையாக எண்ணி, சென்ட் கணக்கில் கேட்கிறார்கள். காலையில் பேசினால் மாலையில் முன்பணம் வந்துவிடும். ஆகவே கல்விச் செலவு என்றதும் மற்ற வழிகளைப் பார்க்காமல் முதலில் நிலத்தில் கை வைக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. விற்ற நிலத்தை அதே விலைக்கு எந்தக் காலத்திலும் திரும்ப வாங்க முடியாது என்பதைச் சொல்ல வேளாண்மை விஞ்ஞானி தேவையில்லை.

எம்.பி.ஏ. படிப்பு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாத ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீரையும் கத்தரியும் வெண்டையும் விளைவிக்கத் தெரிந்த நமக்கு விற்கத் தெரியவில்லை. 1996 முதல் கோயம்பேடு சந்தை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கமிஷன் மண்டியில் சொன்ன விலையை வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறோம். 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால் விவசாயிகளே உறுப்பினராக இருந்து உற்பத்தியாளர் கம்பெனி நடத்த வழி பிறந்தது. 2020-இல் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்க மத்திய அரசு திட்டம் வகுத்தது. இவற்றில் பல தடுமாறுவதற்குக் காரணம் விளைச்சல் குறைவு அல்ல. கணக்கு, கொள்முதல், இருப்பு, விற்பனை ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம். அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நல்லதுதான்.

ஆனால் ஒரு கணக்கையும் பார்த்துவிட வேண்டும். அந்த 2020 திட்டத்தின் நெறிமுறைகள் அமைப்பின் தலைமை நிர்வாகிக்கு மாதம் 25,000 ரூபாய் வரை உதவி என்று வரையறுத்தன. 10 சதவீத வட்டியில் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கி 10 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். 7.5 லட்சம் என்றால் சுமார் 9,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. ஆகவே 15 லட்சம் கொடுத்து எந்தப் பெயரும் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டு வருபவனுக்கு ஊர்ப்பக்கம் வேலை பார்ப்பது கட்டுப்படியாகாது. வெளியேயும் அந்தக் கல்லூரியின் பெயருக்கு யாரும் பெரிய சம்பளம் தரப்போவதில்லை. இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பான்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரூர் ஆராய்ச்சி நிலையத்தில் விதை நெல் வாங்கும்போது மூட்டையைப் பார்த்து வாங்குகிறோமா? அட்டையைப் பார்க்கிறோம். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. கல்லூரிக்கும் அப்படி அட்டை உண்டு. எம்.பி.ஏ. பட்டத்தை வழங்கப் பல்கலைக்கழகத்துக்கோ, சட்டத்தால் அந்த உரிமை பெற்ற நிறுவனத்துக்கோ மட்டுமே அதிகாரம் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி பெற்ற தனி நிறுவனங்கள் தருவது 'முதுநிலை டிப்ளமா'. அதுவும் நல்ல படிப்பாக இருக்கலாம். ஐ.ஐ.எம். நிறுவனங்களே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமாதான் கொடுத்துவந்தன. ஆனால் அனுமதி இருக்கிறதா என்பதைப் பார்த்தாக வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டு வருகிறது.

விளம்பரத்தைக் கண்டு மயங்கியவர்கள் கிராமத்தார் மட்டும் அல்லர். ஐ.ஐ.பி.எம். என்ற நிறுவனம் பல ஆண்டுகள் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்து வந்தது. சென்னையிலும் அதற்குக் கிளை இருந்தது. அது பல்கலைக்கழகம் அல்ல. 2014 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற சொற்களை அந்த நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. அதற்குள் எத்தனையோ வீட்டுப் பணம் கைமாறிவிட்டது. ஆங்கிலம் படித்த நகரத்துப் பெற்றோரே ஏமாந்த இடம் அது.

இனி, போகத்தக்க வழிகளைப் பார்ப்போம். தமிழக அரசின் சார்பில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதி, கலந்தாய்வு மூலம் இடம் பெறுவது முதல் வழி. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் தேவை. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் எழுதக் கூடாது. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் அல்ல, ஆங்கிலப் பத்தியை விரைந்து படித்துப் புரிந்துகொள்வதில்தான். ஓராண்டு முன்பிருந்தே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழைப் படிக்கச் செய்தால் போதும். பெரிய கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையம் அவசியம் என்று நான் கருதவில்லை.

தரவரிசையில் வரும் பிள்ளைக்குக் கிண்டி வளாகம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். தினமும் ரயிலிலோ பேருந்திலோ போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம். அம்பத்தூர்க்காரருக்கும் ஆவடிக்காரருக்கும் இருக்கும் இந்த வசதி தர்மபுரிக்காரருக்கு இல்லை. அப்படியிருக்க, வீட்டுக்கு அருகில் பேருந்து அனுப்புகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சாதாரணக் கல்லூரிக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கட்டுவது எனக்கு விளங்காத ஒன்று.

வேளாண் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு வேறு வழிகளும் உண்டு. எங்கள் கோவைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மையில் எம்.பி.ஏ. இருக்கிறது. (இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி. 1906-இல் அதைக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். இல்லையென்றால் நம் பிள்ளைகள் மாநகரப் பேருந்திலேயே போயிருக்கலாம்.) ஐதராபாத்தில் 1987-இல் ஏற்பட்ட 'மேனேஜ்' நிறுவனத்தில் வேளாண் வணிக டிப்ளமா உண்டு. குஜராத்தின் ஆனந்தில் டாக்டர் குரியன் 1979-இல் தொடங்கிய 'இர்மா' கிராமப்புற நிர்வாகத்துக்கென்றே ஏற்பட்டது. 2025-இல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மேனேஜ் போன்ற இடங்களுக்கு 'கேட்' தேர்வு மதிப்பெண் வேண்டும். அதற்கு ஆகஸ்டிலேயே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும், தேர்வு நவம்பர் கடைசியில். மார்ச் மாதத்தில் வந்து கேட்டால் ஓராண்டு போனது போனதுதான்.

பி.காம். அல்லது பி.எஸ்சி. முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை நம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு தொழிற்கூடத்தில் இரண்டு ஆண்டு கிடங்குக் கணக்கோ, கொள்முதலோ, விற்பனையோ பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போகும் பிள்ளைக்கு வகுப்பில் சொல்வது புரியும். வேலைக்கு எடுப்பவர்களும் அந்த அனுபவத்தை மதிக்கிறார்கள். வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் குறைந்த கட்டணத்தில் நடத்துகின்றன. வளாக வேலைவாய்ப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் பதவி உயர்வுக்குப் படிக்க ஏற்றது.

கல்லூரிகள் அச்சிட்டுத் தரும் வண்ணப் புத்தகத்தில் ஆண்டுக்கு இத்தனை லட்சம் சம்பளம் பெற்ற ஒரு மாணவரின் படம் இருக்கும். ஒரு செடியில் காய்த்த பெரிய பூசணியைக் காட்டி ஏக்கர் மகசூல் சொல்வது போன்றது அது. கேட்க வேண்டியது நடுச்சம்பளம், அதாவது வேலை பெற்றவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். மத்திய அரசின் தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த விவரத்தைத் தந்தாக வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் பார்க்கலாம். பிறகு ஒருநாள் நேரில் போய், வாசலுக்கு எதிரே டீக்கடையில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேரிடம் பேசுங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து கேட்பதைவிட அதிகம் தெரியவரும்.

பணத்துக்கு வருவோம். "வங்கியில் கொடுக்கவில்லை, அதனால் விற்றோம்" என்று சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், 31-ஆவது பிரிவில், விவசாய நிலத்தின் மீதான அடமானத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கடன் நிலுவையானால் அந்தச் சட்டப்படி நிலத்தை எடுக்க முடியாது என்பதால், பட்டா நிலத்தை ஈடாகக் கொண்டுபோனால் வங்கி மேலாளர் தயங்குவார். ஆனால் 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஈடே கேட்காமல் கொடுக்க வங்கிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நல்ல இடத்துக்குக் கடன் எளிது, மோசமான இடத்துக்குக் கடினம். வங்கி தயங்கும் கல்லூரி என்றால், அந்தத் தயக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

நிலத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதைச் சில வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை இருக்கிறது. மகனின் படிப்புக்கு விற்கும்போது அவள் பங்கும் சேர்ந்தே போகிறது. அவளைக் கேட்டீர்களா? அவளே நன்றாகப் படிக்கிறவளாக இருந்தால், அவளை ஏன் டான்செட் எழுதச் சொல்லவில்லை?

நன்கொடை என்ற பெயரில் ரசீது இல்லாமல் பணம் வாங்குவது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு அழைப்பு வந்த பிறகு ஆவடி தாலுகா அலுவலகத்துக்கும் பூந்தமல்லிக்கும் அலைந்தால், சொர்ணவாரி நாற்று முற்றிப்போகும், சான்றும் வந்து சேராது.