ரவுண்டானாவில் நிறுத்தவா விமானம்?



2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். அதிலிருந்து, கல்லூரி வாசலுக்கு ஒன்று, ஊர் ரவுண்டானாவுக்கு ஒன்று கேட்டு வாங்கலாமே என்ற பேச்சு காதில் விழுகிறது. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எதிர்க்கிறேன்.

கடலூர் போன்ற கடற்கரை ஊரில் வெட்டவெளியில் விமானத்தை நிறுத்தினால் உப்புக்காற்று ரிவெட் இடுக்குகளில் புகுந்துவிடும். அலுமினியத் தகடு வெள்ளையாகப் பூத்து, அடுக்கடுக்காக உரியும். டயர் வெடிக்கும், காக்பிட் கண்ணாடி மங்கும். குடியரசு தினத்துக்குப் பெயின்ட் அடித்து மாலை போடுவதற்குப் பெயர் பாதுகாப்பா? கூரையும் பராமரிக்க ஆளும் இல்லாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

மிக்-21ஐப் பறக்கவிடச் சொல்லவில்லை. 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் விமானக் காட்சியில் பழைய ஹண்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். ஜெட்டுகள், நம் நாட்டு மாருத் போர் விமானம் உட்பட, கூரைக்குள் இருக்கட்டும். மெதுவாகப் பறக்கும் பிஸ்டன் என்ஜின் விமானங்களையும் ஏன் முடக்க வேண்டும்?

விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் டைகர் மாத், ஹார்வர்டு, டகோட்டா இருக்கின்றன. மூன்றும் வெளிநாட்டு வடிவமைப்பு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அன்பளிப்பாகத் தந்து 2018இல் சேர்ந்த டகோட்டாவுக்கு, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையினரை இறக்கிய விமானத்தின் எண்ணான விபி 905ஐச் சூட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதைச் சீர்செய்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில்! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களையே ஓவர்ஹால் செய்து கொடுத்த ஊர் பெங்களூரு. அந்தக் கைப்பழக்கம் எங்கே போயிற்று? கழற்றி மாட்ட விமானம் இல்லாவிட்டால் மெக்கானிக் எதில் பழகுவான்?

பறக்கவிடுவதற்காக உதிரிபாகம் மாற்றினால் பழைய விமானத்தின் அசல் போய்விடும் என்கிறார்கள் சிலர். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிறார். தேருக்குப் புது அச்சு போட்டால் அது போலித் தேர் என்று எந்த பக்தராவது சொல்வாரா?

வி.எம். காட்கே வடிவமைத்து 1951இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானம் நம்முடையது. அதைப் பெங்களூருவிலேயே பறக்கும் நிலையில் பேணப் பாதுகாப்பு அமைச்சகம் நிதி ஒதுக்க வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி பெறும் இளைஞர்களை, பழைய ஃபிட்டர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த வேலையில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர்,
கடலூர் முதுநகர்.