கதாநாயகி செய்த பாவம்

"பேனாவை எடுத்தேன், கதை தானாகவே ஓடியது" என்று மார்தட்டும் நண்பர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அப்படி ஒரு தொடர்கதை எழுதியவன்தான். 30-ஆவது வாரத்தில் வழி தெரியாமல் விழித்தேன். கதாநாயகியை விஷக் காய்ச்சலில் சாகடித்து, 'முற்றும்' போட்டேன். "அவள் என்ன பாவம் செய்தாள்?" என்று ஓர் அம்மாள் கார்டு போட்டுக் கேட்டார். இன்றுவரை பதில் எழுதவில்லை.

திட்டம் போட்டால் கதையின் உயிர் போய்விடுமாம்! தாஸ்தயேவ்ஸ்கி, 'குற்றமும் தண்டனையும்' நாவலுக்காக நோட்டுப் புத்தகங்களில் திட்டங்களை எழுதி எழுதி அடித்தார். 1865-இல், எழுதியதை எரித்துவிட்டு, புதுத் திட்டத்தோடு மறுபடி தொடங்கினார். 1866-இல் தொடராக வெளிவந்த அந்த நாவலில் உயிருக்கா பஞ்சம்?

திட்டம் விலங்கல்ல, பிடிக்காவிட்டால் கிழித்தெறியலாம். திட்டமே இல்லாதவன் எதைக் கிழிப்பான்? கடைசியில் கதாபாத்திரத்தின் கழுத்தைத்தான் நெரிக்கிறான்.