உறைமோருக்குக் கஞ்சத்தனமா?

சில்லு உற்பத்தித் தொழிலை வளர்க்க மத்திய அரசு 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்த தொகை ரூ. 76,000 கோடி. சிலிக்கானுக்கு அடுத்து வரக்கூடிய பொருள்களில் ஒன்றாகப் பேசப்படும் கிராஃபீனுக்காகக் கேரளத்தில் அமைக்கப்பட்ட புத்தாக்க மையத்தின் திட்டச் செலவோ சுமார் ரூ. 86 கோடி. ஆலையையும் ஆய்வகத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், இன்றைய தொழிலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு நாளைய அறிவுக்குக் கிள்ளிக் கொடுப்பது தொலைநோக்காகாது.

ஓரணுத் தடிமனே கொண்ட கரித்தாள்தான் கிராஃபீன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2004-இல் இதைப் பிரித்தெடுத்த ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவசெலொவ் இருவரும் 2010-இல் நோபல் பரிசு பெற்றனர். மின்சாரத்தை அபாரமாகக் கடத்தும் இப்பொருளுக்கு, கடத்துவதை நிறுத்தத் தெரியாது. நிறுத்தவும் விடவும் முடிந்தால்தான் அது டிரான்சிஸ்டருக்கு உதவும். இயல்பில் இதற்குக் காந்தத்தன்மையும் கிடையாது.

இந்தக் குணங்களை மாற்றும் வழிகளில் முக்கியமானது மாசூட்டல். பாலைத் தயிராக்கும் உறைமோர்போல, சிறிதளவு அயல் அணுக்களே போதும். நைட்ரஜனைச் சேர்த்தால் கடத்தும் எலெக்ட்ரான்கள் கூடும். போரானைச் சேர்த்தால் குறையும். ஒரு ஹைட்ரஜன் அணு ஒட்டினாலே காந்தத்தன்மை எழுவதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினர்.

இத்துறையில் இந்தியா பிந்தி வந்த நாடல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஏ.கே. சூட் குழுவினர், மின்னழுத்தத்தால் கிராஃபீனில் மாசூட்டி அதை ஒளிச்சிதறல் மூலம் அளக்கும் முறையை வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2008-இல் வெளியிட்டனர். சி.என்.ஆர். ராவின் குழு போரான், நைட்ரஜன் சேர்த்த கிராஃபீனை 2009-இல் உருவாக்கிக் காட்டியது.

ஆனால், ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பத்தாண்டுகளுக்கு 100 கோடி யூரோ திட்டத்தைத் தொடங்கியது. சிலிக்கான் கார்பைடு மீது வளர்த்த கிராஃபீனைக் குறைக்கடத்தியாக்கிய சாதனையை 2024 ஜனவரியில் வெளியிட்டவர்கள் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள்.

இந்தியா 2020-21-இல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். மணிப்பூர் விவகாரத்தால் அமளி நிறைந்த 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா நிறைவேறியது. ஐந்தாண்டுகளுக்கு ரூ. 50,000 கோடி என அறிவிக்கப்பட்டாலும், அதில் ரூ. 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து திரட்டப்பட வேண்டியது. லாபம் எப்போது என்று கேட்கும் தனியார் முதலீடு, பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டிய அடிப்படை ஆய்வை நாடி வருமா?

வெளியிலிருந்து வந்த தொகை எவ்வளவு, அது எந்த ஆய்வுக்குச் சென்றது என்பதை அரசு ஆண்டுதோறும் இரு அவைகளிலும் தெரிவிக்க வேண்டும். பற்றாக்குறை ஏற்பட்டால் அதை அரசே ஈடுகட்ட வேண்டும். இதைக் கேட்டுப் பெறும் கடமை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. உறைமோரை மிச்சம் பிடித்துவிட்டு, தயிரை விலைக்கு வாங்கும் நிலை மீண்டும் வரலாகாது.